மூன்று மணி வெயிலில் வாசித்தவர்களின் பெயர்கள்: இசை விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். கடந்த ஆடி மாதம் மட்டக்களப்பு வாவிக்கரைத் திடலில் நீங்கள் மூன்று நாட்கள் நடத்திய இசை விழாவின் இரண்டாம் நாளுக்கு நான் வந்திருந்தேன். அன்று பிற்பகல் கேட்ட இசை இன்னும் என் காதை விட்டு அகலவில்லை. அதைக் கேட்கும் வாய்ப்பைத் தந்தவர்கள் நீங்கள் என்பதால் முதலில் உங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த இசையைத் தந்தவர்கள் யார் என்பதை இன்றுவரை என்னால் அறிய முடியவில்லை. அதற்கான பொறுப்பும் உங்களிடமே இருப்பதால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நான் 31 ஆண்டுகள் பாடசாலைகளில் சங்கீத ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், களுவாஞ்சிக்குடியில் வசிக்கிறேன். அன்றிரவு கொழும்பிலிருந்து வரும் பிரபலமான இசைக்குழுவைக் கேட்டே ஆக வேண்டும் என்று என் அண்ணன் மகள் பிடிவாதமாக நின்றதால் அவளுக்குத் துணையாகப் புறப்பட்டேன். முன்வரிசையில் இடம் பிடிக்க வேண்டும் என்ற அவளுடைய அவசரத்தில் பிற்பகல் இரண்டரை மணிக்கே திடலுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. ஆயிரம் கதிரைகளுக்கு மேல் போடப்பட்டிருந்த இடத்தில் நாற்பது பேர்கூட இல்லை. இருந்தவர்களிலும் பாதிப்பேர் சர்பத்தும் கடலையும் விற்க வந்தவர்கள். இரவு நிகழ்ச்சிக்கான விளக்குகளை ஏற்றுபவர்கள் மேடையின் மேலே சத்தமிட்டபடி வேலை செய்துகொண்டிருக்க, கீழே ஒரு குழு வாசிக்கத் தொடங்கியது.

அது பறங்கியர் இசைக்குழு; போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த சமூகத்தினர் அவர்கள். இரண்டு கிற்றார், ஒரு வயலின், றபான் என்ற ஒருபக்கத் தோல் மேளம் ஒன்று, பாடுவதற்கு இரண்டு பெண்கள். வயலின் வாசித்தவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். நாங்கள் கச்சேரியில் செய்வதுபோல அவர் அமர்ந்து பாதத்தில் ஊன்றி வாசிக்கவில்லை. மேற்கத்திய முறைப்படி தாடையின் கீழ் இறுக்கவும் இல்லை. நின்றபடியே நெஞ்சின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, வில்லின் நுனிப் பாதியால் மட்டும் சிறுசிறு இழுப்புகளாக வாசித்தார். முதுமையால் கை முழு வில்லுக்கு எட்டவில்லையோ என்று முதலில் நினைத்தேன். சற்று நேரத்தில் அந்தக் குறுகிய இழுப்புத்தான் ஆடுகிறவரின் காலைத் தரையிலிருந்து கிளப்புகிறது என்பது விளங்கியது. எங்கள் கணக்கில் அந்தத் தாளம் திஸ்ரம், அதாவது மூன்று மூன்றாக எண்ணுவது. ‘தகிட தகிட’ என்று என் கை தானாகவே தொடையில் போடத் தொடங்கியது. ஆனால் றபான் அந்த ஆறு எண்ணிக்கையை இரண்டு மூன்றாகப் பிரித்துக்கொண்டிருந்த வேளையில் கிற்றார் அதே ஆறை மூன்று இரண்டாகப் பிரித்தது. இரண்டிலும் அகப்படாமல் நடுவே வயலின் ஓடியது. 31 ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்த என் கை அந்த இடத்தில் தடுமாறி நின்றுவிட்டது.

பைலா என்றால் கலியாண வீட்டின் கடைசி ஆட்டம், பாடசாலைச் சுற்றுலா முடிந்து திரும்பும் பஸ்ஸில் பிள்ளைகள் எழுப்பும் ஆரவாரம் என்ற அளவிலேயே நான் இதுவரை எண்ணியிருந்தேன். அதன் வேர் பறங்கியரின் ஆட்ட இசையான கப்றிஞ்ஞா. பைலாப் பாடகர் வொலி பஸ்தியன்ஸ் போன்றவர்கள் அந்தத் தாளத்தைச் சிங்களப் பாடலில் ஏற்றி நாடெங்கும் பரப்புவதற்கு நெடுங்காலம் முன்பே அது பறங்கியர் வீடுகளில் வாழ்ந்துகொண்டிருந்தது. போர்த்துக்கேயர் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டியது 1628 இல். ஒல்லாந்தரிடம் அதை இழந்தது 1638 இல். பத்தே ஆண்டுகள் அந்தக் கோட்டையில் இருந்தவர்களின் மொழி, உருமாறிய வடிவில், ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் கழித்தும் நமது நகரின் சில வீடுகளில் பேசப்படுகிறது, பாடப்படுகிறது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் டச்பார்ப் பகுதியில் எத்தனையோ பறங்கியர் குடும்பங்களைக் கொண்டுபோனது. அதற்குப் பின்னரும் எஞ்சியிருக்கும் இசை இது என்பதை உணர்ந்தபோது, என் முன்னால் விரிந்து கிடந்த வெறும் கதிரைகளைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

அடுத்து வந்தவர்கள் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்த பறைமேளக் குழுவினர். இரண்டு பறை, ஒரு தொப்பிப்பறை, சொர்ணாளி என்ற ஊதுகுழல் ஒன்று. பறையோசையைக் கோயில் சடங்கிலும் செத்த வீட்டிலும் தொலைவிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். ஒருநாளும் அதை இசையென்று அமர்ந்து கேட்டதில்லை. அதை வாசிப்பவர்களைச் சாதியின் பெயரால் எட்டி நிறுத்திய சமூகத்திலேயே நானும் இருந்தேன். நான் கற்பித்த வகுப்பறைகளில் அந்தக் கருவிக்கு இடம் கொடுக்கவும் இல்லை. அன்று முதன்முறையாகப் பத்தடி தூரத்திலிருந்து கேட்டேன். சொர்ணாளி வாசித்தவர் சீவாளியை நாவால் நனைத்துப் பொருத்தி ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்தபோது, நாகசுரத்தை விடச் சிறிய அந்தக் குழல் திடல் முழுவதையும் நிரப்பியது. பறைகள் இரண்டும் பேசிக்கொண்டன என்றே சொல்ல வேண்டும். மூத்தவர் ஒரு சொல்லை விட, பதினைந்து வயது மதிக்கத்தக்க பையன் அதை வாங்கி, கொஞ்சம் தாமதித்து, ஒரு வளைவு கூட்டித் திருப்பிக் கொடுத்தான். வாசித்தபடியே சுழன்றார்கள், துள்ளினார்கள். தோளில் தொங்கிய பறையின் பாரம் அவர்களுடைய காலடிக்குத் தெரியவே இல்லை. ஓரிடத்தில் மூத்தவர் சொல்லாமல் கொள்ளாமல் நடையை மாற்றினார். பையன் கண்ணை மூடி ஒரு சுற்றுக் காத்திருந்து, அடுத்த சுற்றில் சரியான இடத்தில் வந்து இறங்கினான். அப்போது மூத்தவரின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை, நல்ல மாணவன் ஒருவன் கிடைத்த எந்த ஆசிரியரும் அடையாளம் கண்டுகொள்வார். எனக்குப் பக்கத்தில் நின்ற சர்பத் வியாபாரி கிளாசைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாக வந்தவர்கள் அம்பாறைக் கரையோரத்து இளைஞர்கள் ஐவர். எலெக்ட்ரிக் கிற்றார், பேஸ் கிற்றார், அமர்ந்து தட்டும் பெட்டி மேளம், ஒரு றபான், ஒரு குரல். அவர்கள் பாடியவை கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களின் நாட்டார் கவிகள். வயலிலும் தொட்டிலடியிலும் பக்கவாத்தியம் ஏதுமின்றி, பெரும்பாலும் பெண்களின் வாய்வழியாகவே வந்த நான்கடிப் பாடல்கள் அவை. அவற்றை மின்கருவிகளோடு பாடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மனதுக்குள் சற்றுச் சுருங்கினேன் என்பதை மறைக்கவில்லை. பழைய பாடலின் தலையில் பெரிய சத்தத்தை ஏற்றி, அதைப் புதுமை என்று சொல்பவர்களை நிறையவே கேட்டிருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் அப்படிச் செய்யவில்லை. கவியின் ஒவ்வோர் அடியும் முடியும் இடத்தில் குரல் நீண்டு, இறங்கி, மெல்ல அணையும். அந்த இடத்தில் கிற்றார் வாசித்தவர் கம்பியிலிருந்து கையை முற்றாக எடுத்துவிட்டார். குரல் தனியே நின்றது. அது அணைந்த பிறகே பேஸ் ஒரே ஒரு சுரத்தோடு உள்ளே வந்தது. இதைச் செய்வதற்குக் கவியைப் பல நாட்கள் கேட்டிருக்க வேண்டும். அதைவிட, அதன்மேல் மரியாதை இருந்திருக்க வேண்டும். “இது என்ட உம்மம்மா சொல்லித் தந்த கவி” என்று பாடியவர் இரண்டாம் பாட்டுக்கு முன் சொன்னார். குழுவின் பெயரை அவர் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. காற்று மைக்கில் மோதிய இரைச்சலில் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

றபான் வாசித்த பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. வாவிக் காற்றின் ஈரத்தில் றபானின் தோல் தளர்ந்திருந்ததால், அதைக் காய்ச்சிக்கொள்ளக் கொஞ்சம் தணல் கேட்டிருக்கிறார். மேடைக்கு அருகே நெருப்புக் கூடாது என்று மறுக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்புக் கருதி மறுத்தது சரியே. மேடைக்குப் பின்னால் வெட்டவெளியில் ஓரிடம் காட்டியிருக்கலாம் என்பது மட்டுமே என் ஆதங்கம். அவர் ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் மேடையின் மேற்கு ஓரத்துக்குப் போய், றபானை வெயிலுக்கு நேரே பிடித்துக்கொண்டு, விரல் நுனியால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மூன்றாம் பாட்டுக்குத்தான் தோல் நன்றாக விறைத்து, அதன் முழு நாதமும் வந்தது. அந்தப் பாட்டின் நடுவில், ஓர் அடி முடிவதற்குள், ஒலிபெருக்கி நிறுத்தப்பட்டது. குழு ஒன்றுக்கு ஒதுக்கப்பட்ட பதினைந்து நிமிடம் முடிந்துவிட்டதாம். இரவுக் குழுவின் ஒலிப் பரிசோதனைக்கு மேடை தேவையாம்.

அவர்கள் பாட்டை நிறுத்தவில்லை. மின்கருவி வாசித்த இருவரும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டித் தாளம் போட, பாடியவர் மேடையின் விளிம்புக்கு வந்து அமர்ந்து, றபானை மட்டும் துணைகொண்டு தொடர்ந்தார். சிதறியிருந்த நாற்பது பேரும் நாங்களாகவே எழுந்து மேடையடிக்குப் போய் நின்றோம். பறங்கியர் குழுவின் முதியவர் வயலினைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் பிடித்தபடி வந்து பக்கத்தில் நின்றார். பறை வாசித்த பையனும் வந்தான். இரவு பதினொரு மணிவரை அந்தத் திடலில் நடந்த எல்லாவற்றையும் விட அந்தச் சில நிமிடங்கள் எனக்குப் பெரிதாகப்பட்டன.

இரவு வந்த குழுவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் தேர்ந்த கலைஞர்கள். எல்லோருக்கும் தெரிந்த பாடல்களை எல்லோருக்கும் தெரிந்தபடி பிசகின்றி வாசித்தார்கள், என் மருமகளும் மகிழ்ந்தாள். ஆனால் எதை எதிர்பார்த்துப் போனோமோ அதுவே கிடைத்தது. எதிர்பாராதது கிடைத்த மூன்று மணி வெயிலைப் பற்றித்தான் வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டு வந்தாள்.

இசை விழா என்ற ஒன்று ஏன் தேவை என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள். தெரிந்த குழுவைக் கேட்கத் தனிக் கச்சேரி போதும். தெரியாத குழுவுக்காக யாரும் நுழைவுச்சீட்டு வாங்கி வரமாட்டார்கள். தெரிந்ததைத் தேடி வந்தவரின் காதில் தெரியாதது விழுவதற்கு விழாவைப்போல வேறு இடமில்லை. 1969 ஆவணியில் அமெரிக்காவின் வூட்ஸ்டொக் விழாவில் சந்தானா என்ற ரொக் இசைக்குழு மேடையேறியபோது அவர்களின் முதல் இசைத்தட்டு இன்னும் கடைக்கு வந்திருக்கவில்லை. அவர்கள் வாசித்ததும் பிற்பகலில்தான். 1985 இல் இங்கிலாந்தின் மேர்சி தீவில் நடந்த வோமட் என்ற உலக இசை விழாவில் நுஸ்ரத் பதே அலி கான் சூஃபி பக்தி இசையான கவ்வாலி பாட அமர்ந்தபோது, அவர் பாகிஸ்தானில் பெரும் புகழ் பெற்றவராக இருந்தும், எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மொழியும் தெரியாது, அந்த மரபும் தெரியாது. அந்த இரவு அவரை மேற்குலகின் காதுகளுக்குக் கொண்டு சேர்த்தது. சென்னையின் மார்கழி சபாக்களில் மத்தியானக் கச்சேரிகள் இளங்கலைஞர்களுக்கென்றே ஒதுக்கப்படுகின்றன. காதுள்ள ரசிகர்கள் அடுத்து வரப்போகிறவரை அங்கே போய்த்தான் தேடுகிறார்கள். நம் நாட்டிலேயே 2011 இல் யாழ்ப்பாணத்தில் நடந்து, பின்னர் காலியுடன் மாறி மாறி நடைபெற்ற இசை விழாவில் நாட்டார் கலைக் குழுக்களும் வெளிநாட்டு இசைக்குழுக்களும் ஒரே விழாவின் கலைஞர்களாகவே அழைக்கப்பட்டார்கள்.

ஆகவே பிற்பகல் வேளை என்பதே குறையாகாது. அந்த வேளையில் வாசிப்பவருக்கு நேரமும் நல்ல ஒலியும் பெயரும் கிடைக்கின்றனவா என்பதே கேள்வி. உங்கள் விழாவில் இந்த மூன்றில் ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நிகழ்ச்சித் தாளில் இரவுக் குழுவின் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் படமும் குறிப்பும் இருந்தன. பிற்பகலுக்கு நேரே ‘உள்ளூர்க் கலைஞர்கள்’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. அறிவிப்பாளர் மூன்று குழுக்களையும் அந்த இரண்டு சொற்களாலேயே அழைத்தார். தகவல் கூடாரத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த தொண்டர் என்னிடம் படித்த பிள்ளை. தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ரீச்சர், எங்களுக்குத் தந்த லிஸ்ட்டிலயும் அப்படித்தான் இருக்கு” என்று தலை குனிந்து சொன்னாள். அதே மாலை, தொடக்க உரையில் விபுலாநந்த அடிகளின் பெயர் பலமுறை சொல்லப்பட்டது. காரைதீவில் பிறந்த அந்தப் பெருமகன், வழக்கொழிந்து போன யாழின் நரம்புகளைக் கணக்கிட்டு மீட்பதற்குப் பல ஆண்டுகள் உழைத்து, 1947 இல் யாழ் நூலை வெளிக்கொணர்ந்தார். அதே ஆண்டில் மறைந்தார். மறைந்த கருவியைத் தேடியவரின் மண்ணில், கண்ணெதிரே வாசிக்கப்படும் சொர்ணாளியை வாசிப்பவரின் பெயர் ஒரு தாளிலும் இல்லை.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவுக் குழுவின் பரிசோதனை மூன்று மணிக்கு மேல் தொடங்கி ஆறு மணிவரை நீடித்தது. பிற்பகல் குழுக்களுக்கு எந்தப் பரிசோதனையும் இல்லை. ஏறியவுடன் வாசிக்க வேண்டியதுதான். வயலினுக்குத் தனி மைக் இல்லாததால் பாடிய பெண்களின் மைக்கை நோக்கி அந்த முதியவர் அடிக்கடி குனிய வேண்டியிருந்தது. பாடுபவருக்குத் தன் குரல் கேட்பதற்காக மேடையில் வைக்கும் சிறு ஒலிபெருக்கிகள் அங்கேயே இருந்தன; ஆனால் இயக்கப்படவில்லை. கச்சான் வீசும் மாதத்தில் திறந்தவெளியில் விழா வைக்கும்போது மைக்குகளுக்குப் பஞ்சு உறை போடுவது பெருஞ்செலவல்ல. குழு ஒன்றுக்குப் பத்து நிமிடம் ஒலியைச் சரிபார்க்கக் கொடுத்திருந்தால் இவை யாவும் தீர்ந்திருக்கும்.

பெரிய பெயர் இல்லாவிட்டால் சனம் வராது, அனுசரணையும் கிடைக்காது என்று நீங்கள் சொல்வீர்கள். அதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். என்னையும் அங்கே கொண்டுவந்தது அந்தப் பெரிய பெயர்தான். ஆனால் அன்றிரவு நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏழு மணிக்கு என்று அறிவிக்கப்பட்ட குழு ஒன்பது மணிக்கு மேடையேறியது. அந்த இரண்டு மணி நேரமும் திடல் நிறைந்த சனம் வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் போட்ட சினிமாப் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. கருவிகள் எல்லாம் பொருத்தப்பட்டு, விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, காற்றும் தணிந்துவிட்டிருந்தது. கேட்பதற்கு ஆயிரக்கணக்கான காதுகள் அங்கே இருந்தன. பிற்பகல் வாசித்த மூன்று குழுக்களும் அதற்கு வெகுநேரம் முன்பே ஊர் திரும்பியிருந்தன. அந்த இரண்டு மணி நேரத்தில் ஆளுக்கு அரை மணி அவர்களுக்குக் கொடுத்திருந்தால் உங்களுக்கு ஒரு சதமும் கூடுதலாகச் செலவாகியிருக்காது.

அடுத்த விழாவில் மாலை ஆறு மணிக்கும் இரவுக் குழுவுக்கும் இடைப்பட்ட நேரத்தை, பெயர் பரவாத குழுக்களுக்கென ஒதுக்குங்கள் என்பதே என் முதன்மையான வேண்டுகோள். மூன்று நாட்களுக்கு ஒன்பது குழுக்களை அவ்வாறு மேடையேற்றலாம். பதினைந்து நிமிடம் போதாது. கருவியும் கையும் சூடேறுவதற்கே அவ்வளவு நேரம் போய்விடும். அரை மணியாவது வேண்டும். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரை, படுவான்கரை இரண்டிலும், அம்பாறைக் கரையோரத்திலும் போய்க் கேட்டுத் தெரிவு செய்ய, காதுள்ள இருவரை விழாவுக்கு ஆறு மாதம் முன்பே நியமியுங்கள். இந்தப் பணிக்கு எந்த ஊதியமும் இன்றி வர நான் ஆயத்தமாக இருக்கிறேன். தெரிவான குழுவின் பெயர், வாசிப்பவர்களின் பெயர்கள், ஊர், கருவி ஆகியவற்றை இரவுக் குழுவுக்கு அச்சிடும் அதே எழுத்தளவில் அச்சிடுங்கள். பறை வாசிப்பவருக்கும் வயலின் வாசிப்பவருக்கும் போக்குவரத்துச் செலவு மட்டுமல்லாமல் கலைஞருக்குரிய கொடுப்பனவும் கொடுங்கள்.

கல்லடிப் பாலத்தடியில், வாவி நீருக்கடியிலிருந்து எழும் மீன்பாட்டு என்ற ஓசையைக் கேட்பிக்கத் தோணிக்காரர்கள் செய்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பூரணை இரவில் வலித்துக்கொண்டுபோய் ஓரிடத்தில் நிறுத்தி, துடுப்பை நீரில் இறக்கி, அதன் மேல் நுனியில் காதை வைக்கச் சொல்வார்கள். தோணியில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். நான் உங்களிடம் எதிர்பார்ப்பதும் அந்தத் தோணிக்காரரின் வேலையைத்தான்.

இறுதியாக ஒன்று. ஒலிபெருக்கி நிறுத்தப்பட்ட பின்னர் அந்த இளைஞர்கள் பாடிய கவியை என் மருமகள் கைபேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறாள். ஏழு நிமிடம் வருகிறது. முழுக்கக் காற்றின் இரைச்சல். ஆனாலும் குரல் தெளிவாகக் கேட்கிறது, றபானும் கேட்கிறது, கடைசியில் யாரோ மெல்ல வயலினில் அந்த மெட்டைத் தொட்டுப் பார்ப்பதும் கேட்கிறது. கேட்ட நண்பிகள் எல்லோரும் அதை அனுப்பச் சொல்கிறார்களாம். பாடியவர்களின் பெயரைப் போடாமல், அவர்களிடம் கேட்காமல் அனுப்ப மாட்டேன் என்று அவள் மறுத்துவிட்டாள். அவர்களை மேடைக்கு அழைத்தவர்கள் நீங்கள். கொடுப்பனவுப் பற்றுச்சீட்டிலாவது அவர்களுடைய பெயர்கள் இருக்கும். மூன்று குழுக்களின் பெயர்களையும் அவர்களின் சம்மதத்தோடு பகிரங்கமாக அறிவித்து உதவுங்கள். நாங்கள் இருவரும் காத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.